மகேஸ் அக்கா கண்ட அலெக்சாந்திரியா

நேற்றுச் சந்தையில் சம்பலுக்கென்று ஒரு கட்டுப் புதினா வாங்கினேன். வீட்டுக்கு வந்து பையைத் திறந்ததும் எழுந்த மணம் என்னை நேரே எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டது. அலெக்சாந்திரியாவை நான் கண்ணாலும் கண்டதில்லை. ஆனாலும் அதன் சந்தைக்குள் கொண்டுபோய் விட்டால் வழி பிடித்து வந்துவிடுவேன் என்று எனக்கு ஒரு வீண் நம்பிக்கை உண்டு. எல்லாம் மகேஸ் அக்காவால் வந்தது.

எண்பதுகளின் நடுவில் நான் பருத்தித்துறையில் ஒரு கூட்டுறவுக் கடையில் தட்டச்சு வேலை பார்த்தேன். 'சீனி வரவில்லை' என்று அடிக்கவேண்டிய அறிவித்தலில் 'சனி வரவில்லை' என்று அடித்து ஊரையே மகிழ்வித்தவள் நான்தான். அப்போது போர்க்காலம், கடலில் இறங்கத் தடை. வள்ளங்கள் எல்லாம் கரையில் குப்புறக் கிடந்தன. அந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டு மகேஸ் அக்கா கப்பலில் அலெக்சாந்திரியா வரை போய்வந்தா. அவவின் புருஷன் ராசண்ணை சரக்குக் கப்பலில் இயந்திரப் பகுதி ஆள். ஒரு பயணத்துக்கு மனைவியையும் கூட்டிவரலாம் என்று கப்தான் அனுமதி கொடுத்திருந்தாராம்.

இருவரும் ஊர் திரும்பிய மறுநாட் பின்னேரம் அயலில் பாதிப்பேர் அவர்கள் வீட்டு விறாந்தையில். எனக்குக் காரணம் வேறும் இருந்தது. அந்தக் கிழமைதான் ஒரு கப்பற்காரரின் சம்பந்தம் எனக்குப் பேசி வந்திருந்தது. வருஷத்தில் பாதியைக் கடலில் கழிக்கிற மனிதரைக் கட்டி என்ன செய்வது? வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தேன்.

அக்கா சின்னக் கண்ணாடிக் கிளாசுகளில் பாலில்லாத தேத்தண்ணி ஊற்றி, ஆளுக்கொரு புதினாக் கொழுந்து போட்டுத் தந்தா. முன்வீட்டு மாமி இரண்டு மிடறு குடித்துவிட்டு, "கஷாயம் மாதிரிக் கிடக்கு. ஆருக்கு, பிள்ளை, வயித்துக்குத்து?" என்று கேட்டா.

"அங்கை இதுதான் மாமி தேத்தண்ணி."

கப்பல் பருத்தி ஏற்றப் போனதாம். பருத்தியே இல்லாத பருத்தித்துறையில் பிறந்தவ, உண்மையான பருத்தித்துறை ஒன்றை அங்கேதான் கண்டாவாம்.

"தெருவெல்லாம் ஒட்டகம்," என்று தொடங்கினார் ராசண்ணை.

"நான் ஒரு ஒட்டகமும் காணேல்லை. ட்ராம் வண்டிதான் கண்டனான்."

"நீர் கடைகளை எல்லோ பாத்துக்கொண்டு வந்தனீர்."

"கடையைப் பாத்தபடியால்தானே இண்டைக்குக் கிளாசிலை குடிக்கிறியள்."

உண்மையில் அந்தக் கிளாசுகள்தான் வினை. கப்பல் புறப்படுகிற நாள், மத்தியானம். அக்கா கிளாசுக்கு விலை பேசிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ராசண்ணையைக் காணவில்லை. அவரைத் தேடி ஒரு குறுகலான ஒழுங்கைக்குள் இறங்கி, அதிலிருந்து இன்னொன்றுக்குள் போய், கடைசியில் ஒரு வீட்டு வாசலில் இருந்த பெண்கள் முன்னால் நின்று அழுதாவாம். அவர்கள் கையைப் பிடித்து இருத்தி, இந்தத் தேத்தண்ணியைக் கொடுத்தார்களாம். ஒருத்தி அக்காவின் பொட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் நெற்றியைக் காட்டினாளாம்.

"பைக்குள்ளை குங்குமச் சிமிழ் இருந்தது. அவளுக்கு வைச்சன். பிறகு மற்ற நாலு பேரும் நெத்தியை நீட்டிச்சினம்."

"கப்பல் வெளிக்கிடப்போகுது, இவ அங்கை பொட்டு வைச்சுக்கொண்டு இருந்திருக்கிறா," என்றார் ராசண்ணை எங்களைப் பார்த்து.

அக்கா 'கப்பல், கப்பல்' என்று சொன்னது அந்தப் பெண்களுக்கு விளங்கவில்லை. அப்போதுதான் அக்காவுக்கு ஒன்று பட்டது. அந்த ஊருக்கும் எங்கள் ஊரைப்போலக் கடல் வடக்கில்தான்.

"பின்னேர வெயிலை இடக்கைப் பக்கம் வைச்சுக்கொண்டு நடந்தன். அவையளும் கூடவே வந்தினம். கடலைக் கண்ட உடனை நான் கையைக் காட்டினன். கப்பல் எண்டு விளங்கிட்டுது. துறைமுக வாசல் மட்டும் கொண்டுவந்து விட்டினம்."

வாசலில் ராசண்ணை. கப்பலுக்கு ஏறவும் மனமில்லை, எங்கே தேடுவதென்றும் தெரியவில்லை. சட்டை முழுக்க வியர்வையில் நனைந்து நிற்கிறார். தெருமுனையில் மகேஸ் அக்கா வருகிறா. அவவோடு கைகோத்துக்கொண்டு, குங்குமப் பொட்டோடு ஐந்து எகிப்துக்காரிகள்.

"நீங்கள் அப்ப என்ன கேட்டனீங்கள், இவையளுக்குச் சொல்லுங்கோவன்," என்றா அக்கா.

ராசண்ணை சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "'இவையள் ஆர்?' எண்டு கேட்டன். 'எங்கடை ஆக்கள்' எண்டு சொன்னா."

விறாந்தை அதிர்ந்தது. மாமிக்குப் புரையேறி, அந்தக் 'கஷாயம்' மூக்கால் வந்தது. நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய், அம்மாவிடம் சம்பந்தத்துக்கு ஓம் என்று சொன்னேன். என்னையும் ஒருமுறை கப்பலில் கூட்டிப்போக வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அம்மா தலையில் கைவைத்தா. அந்த மனிதர், ஓம் என்று சொல்லியனுப்பினார். இன்றுவரை ஓம் என்றுதான் சொல்கிறார்.

தொண்ணூறுகளில் போரால் இடம்பெயர்ந்துபோன மகேஸ் அக்காவும் ராசண்ணையும் பிறகு ஊருக்குத் திரும்பவில்லை. அந்த விறாந்தையும் இப்போது இல்லை. துறைமுகங்களில் நாட்கணக்காகத் தங்கி, பொதி பொதியாகச் சரக்கேற்றிய கப்பல்களும் அருகிப்போய்விட்டன. என் மூத்தவன் இப்போது ஒரு கொள்கலன் கப்பலில் வேலை செய்கிறான். போன மாதம் அலெக்சாந்திரியாவுக்குப் போனதாகத் தொலைபேசியில் சொன்னான். ஊர் எப்படி என்று கேட்டேன்.

"காலமை கப்பல் கட்டினது அம்மா, பின்னேரம் வெளிக்கிட்டிட்டுது. இறங்க விடேல்லை. தூரத்திலை வீடுகள் தெரிஞ்சுது."