வாராவாரம் வந்த பூசணிப் பை

பை என்றால் எனக்கு அப்போது ஒரே அர்த்தம்தான். சாமான் வாங்கப் போகும்போது கையில் எடுத்துப் போவது. அதனால் ஒரு வியாழக்கிழமை அப்பா அடுப்படியில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, "பூசணிப் பைய நாளைக்குக் கொண்டாந்துரு. அக்காவுக்குத் தெரிய வேணாம்" என்று போனில் சொன்னதைக் கேட்டபோது, ஒரு பைக்குள் ஏதோ ஒன்றை எங்கள் வீட்டுக்குள் கடத்தப் போகிறார்கள் என்றுதான் புரிந்துகொண்டேன்.

போனில் அந்தப் பக்கம் இருந்தது சித்தி. அம்மாவின் தங்கை. கல்யாணம் ஆகாதவள். நாங்கள் இருந்த வளைகுடா நகரத்திலேயே, ஜுமேராவில், ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். வெள்ளிக்கிழமை லீவு என்பதால் அன்று காலையிலேயே அல் குசைஸில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். போனில் அவள் குரல் எப்போதும் வெளியே கேட்கும். "அவன்ல வச்சு எடுத்தா போதும் மச்சான், அவன் பாத்துக்கிருவான்" என்று சொன்னது எனக்கும் கேட்டது. யார் அந்த அவன் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

சந்தேகப்பட வேறு காரணங்களும் இருந்தன. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கட்டிலை விட்டு இறங்குவதே இல்லை. காய்ச்சல் என்றார்கள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், சுடவில்லை. சுடாத காய்ச்சலை நான் கேள்விப்பட்டதில்லை. கஞ்சியை இரண்டு மடக்குக் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அலமாரியில் இருந்த முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றும் வேலை என்னிடம் வந்துவிட்டது. அம்மா அந்த அலமாரிப் பக்கமே வரவில்லை. ஏன் என்று கேட்டால் அப்பா, "திரியைத் தூண்டி விடு, அணையுது பாரு" என்பார். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருக்கும்.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன சாயங்காலம், அடுப்படித் தரையில் ஒரு மஞ்சள் பூசணிக்காய் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பக்கத்திலேயே கத்தி. மார்க்கெட்டிலிருந்து முழுசாக வாங்கி வைத்திருந்த காய். மறுநாள் அப்பா அதைக் கறுப்புக் குப்பைக் கவரில் போட்டு, இரண்டு முடிச்சுப் போட்டு, கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். சோறு ஒரு பருக்கை சிந்தினாலும் பொறுக்கி எடுக்கச் சொல்கிறவர் அவர். நல்ல காயை ஏன் வீசினார்?

பூசணிக்காயைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் லீவுக்கு ஊருக்குப் போனபோது தெரிந்துகொண்டதுதான். முச்சந்தியில் குங்குமம் தடவி உடைத்துப் போட்டிருந்த பூசணியை நான் தாண்டப் போக, அம்மா என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் வளையல் உடைந்துவிட்டது. அடுத்தவர் கண்ணும் கெட்டதும் அதில் இறங்கியிருக்கும் என்றாள். அது வெள்ளைப் பூசணி, சமைக்கிறது மஞ்சள் பூசணி என்கிற வித்தியாசமெல்லாம் அந்த வயதில் எனக்கு இல்லை. படுத்திருக்கிற அம்மாவுக்குத் தெரியாமல், அவள் வீட்டுக்குள்ளேயே, பை நிறையப் பூசணி. இது நல்லதுக்கு இல்லை என்று முருகனிடம் சொல்லி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சித்தி கொண்டுவந்தது பையே இல்லை. வெள்ளித்தாள் தட்டில் வட்டமாக ஒரு பலகாரம். மேலே வறுத்த தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் மூடியிருந்தன. அப்பாவிடம் அவள் கிசுகிசுத்ததிலிருந்து விவரம் தெரிந்தது. பூசணியை அவித்து மசித்து, பாலும் சர்க்கரையும் பட்டைத்தூளும் போட்டு, மாவு ஓட்டுக்குள் ஊற்றி வேகவைப்பது. மேடம் வீட்டில் முட்டை சேர்ப்பார்கள், வெள்ளிக்கிழமை என்பதால் இவள் சோள மாவு சேர்த்திருக்கிறாள். இதற்குப் பேர்தான் பையாம். அடுப்புப் பெட்டிக்குப் பேர்தான் அவனாம். இரண்டு சந்தேகம் தீர்ந்தது. பெரிய சந்தேகம் அப்படியே இருந்தது.

"பூசணின்னு பாத்தாத் தெரியுமா?" என்றார் அப்பா.

"தெரியாத மாதிரிதான மேல இவ்வளவு போட்டுருக்கேன்."

அம்மா தட்டைப் பார்த்தாள். "என்னடி இது?"

"கேக்குக்கா. மேடம் வீட்டுக் கேக்கு."

அம்மா குனிந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தட்டு அப்படியே திரும்பி வந்தது.

அடுத்த வாரம் அதே பலகாரம் வேறு வேஷத்தில் வந்தது. நெய்யில் வறுத்த முந்திரி, திராட்சை, ஏலக்காய் வாசம். பார்த்தால் சர்க்கரைப் பொங்கல் மாதிரி. அம்மா தொடவில்லை. அதற்கடுத்த வாரம் பேரீச்சம்பழத்தை மசித்துப் பூசி, எள்ளை வறுத்துத் தூவியிருந்தாள். ஊர்க் கோயிலில் ஆடி மாதம் அம்மனுக்கு ஒரு நாள் சந்தனக் காப்பு, ஒரு நாள் மஞ்சள் காப்பு, ஒரு நாள் வளையல் அலங்காரம் என்று பார்த்திருக்கிறேன். அங்கே உள்ளே இருப்பது யார் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே தெரியக் கூடாது என்பதற்காகவே அலங்காரம் நடந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. சித்தி குளிக்கப் போன நேரம் அவள் கைப்பையைத் திறந்தேன். ஒரு காகிதப் பொட்டலத்தில் செம்மண் நிறத்தில் பொடி இருந்தது. முகர்ந்தால் பிரியாணி வாசம் அடித்தது, ஆனால் மந்திரப் பொடிக்கு என்ன வாசம் என்று எனக்கு யார் சொன்னது? வியாழக்கிழமைகளில் அப்பா தாமதமாக வருவதையும் கவனித்தேன். கேட்டால் ஓவர்டைம் என்றார். அவர் வேலை பார்த்தது கார் ரிப்பேர் செய்கிற கராஜின் ஸ்டோரில். ஆனால் அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்தது கிரீஸ் இல்லை, ஒரு பூசணி விதை. அதைப் பிய்த்து எடுத்து முருகன் படத்துக்குப் பின்னால் சாட்சியாக வைத்தேன்.

அந்தப் பேரீச்சம்பழ அலங்காரத்தில் ஒரு துண்டை நானே தின்று பார்ப்பது என்று முடிவு செய்தேன். கெட்டது வந்தால் எனக்கு வரட்டும், அம்மாவுக்கு வேண்டாம். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, தின்றுவிட்டு, ஹாலில் கால் நீட்டிப் படுத்துக் காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. நன்றாகவே இருந்தது. இன்னொரு துண்டும் தின்றேன். யாருக்காகச் செய்தார்களோ அவர்களுக்கு மட்டும்தான் வேலை செய்யும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாவது வாரம் வந்ததுதான் பெரிய அலங்காரம். வெள்ளைக் கிரீமை அலை அலையாக எழுப்பி, மாதுளை முத்துகளைப் பதித்திருந்தாள் சித்தி. தட்டை அம்மாவிடம் கொண்டுபோகும் வேலை எனக்கு வந்தது. அப்பாவும் சித்தியும் அடுப்படியில் நின்றார்கள். அறைக்குள் போனதும் கதவைச் சாத்திவிட்டு அம்மாவின் காதோரம் போனேன்.

"அம்மா, இத திங்காத. உள்ள பூசணிக்கா இருக்கு. ரெண்டு பேருஞ் சேந்து ஒனக்கு என்னமோ செய்யுறாக."

அம்மா என்னைப் பார்த்தாள். ரொம்ப நாள் கழித்து நேராகப் பார்த்தாள்.

"தெரியும்டி. மொத வாரமே வாசத்துல தெரியும்."

அம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்து, கதவுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏங்க."

அப்பா வந்து கதவடியில் நின்றார். பின்னால் சித்தி.

"முழுக் காய யாரு வெட்டுனது?"

அப்பா தரையைப் பார்த்தார். "நாந்தான்."

"இவ வேல பாக்குற வீட்டுக்கா போனீங்க?"

"ஆமா."

"எல்லா வாரமுமா?"

"அந்தக் கூத்த ஏங்க்கா கேக்குற" என்று சித்தி முந்திக்கொண்டாள். "நீ அரியவே கூடாது, நான் வந்துதான் வெட்டுவேன்னு ஒரே புடி. டூட்டி முடிஞ்சு கம்பெனி வண்டியில வந்து, மேடம் வீட்டு வாசல்ல, வண்டியோட பின்கதவத் தொறந்து வச்சு வெட்டுறாரு. வாட்ச்மேன் பாய் என்னையக் கூப்புட்டு, 'உங்க மச்சானுக்கு மண்ட சரியில்லையா'ன்னு கேட்டுட்டாரு. மேடம் வேற மாடியிலருந்து போட்டோ எடுக்குது."

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையானது. அப்பா கிட்டே வந்து அவள் தோளில் கை வைத்தார். நாங்கள் பார்க்க அவர் அப்படிச் செய்து நான் கண்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தாள். சித்தி அவ்வளவு பாடுபட்டு எழுப்பிய கிரீமையும் மாதுளையையும் ஓரமாக வழித்துத் தள்ளினாள். அடியில் வெறும் மஞ்சளாக இருந்ததை மட்டும் எடுத்து வாயில் வைத்தாள். மென்று விழுங்கினாள்.

"இனிப்புக் கம்மி" என்றாள்.

"கூடப் போட்ருவோம்க்கா" என்றாள் சித்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

இதெல்லாம் என்னவென்று எனக்குத் தெரிய வந்தது, கல்யாணமாகி, வளைகுடாவிலேயே இருக்கும் சோஹாருக்கு வந்து, முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தபோதுதான். என் வீட்டுக்காரர் முழுப் பூசணி ஒன்று வாங்கி வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்ததைப் போனில் அம்மாவிடம் சொன்னேன். "அவுக வர்ற வரைக்கும் அதுல கத்திய வைக்காத" என்றாள் அம்மா. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். எங்கள் பக்கம் முழுப் பூசணியில் பெண்கள் முதல் கத்தி வைக்க மாட்டார்கள். முழுசாக இருக்கும்வரை அது ஓர் உயிருக்குச் சமம். ஆண்பிள்ளை ஒருவர் பிளந்து கொடுத்த பிறகுதான் அது காய்கறி. அன்றைக்கு அவளுக்குப் பூசணிப் புளிக்குழம்பின் மேல் ஆசை. வயிற்றில் நாலாம் மாதம் தொடங்கியிருந்தது, என்னிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அப்பா டூட்டியில் இருந்தார். ஆசையை அடக்க முடியாமல் அவளே வெட்டிவிட்டாள். சாயங்காலம் வலி வந்தது, பிள்ளை தங்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லியும் அவள் மனசு கேட்கவில்லை. ஒரு தரம் பூசணியை வாயில் வைத்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும் என்று அப்பாவும் சித்தியும் போட்ட திட்டம்தான் அத்தனை அலங்காரமும்.

ஒரு காய்க்காக முருகன் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ள மாட்டான் என்று நான் முழுசாக நம்புகிறேன். ஆனாலும் எங்கள் வீட்டில் பூசணியை இன்றைக்கும் என் வீட்டுக்காரர்தான் வெட்டுகிறார்.

அந்த நாலாவது வார வெள்ளிக்கிழமையே அம்மா எழுந்து ஹாலுக்கு வந்தாள். மீதியிருந்த பையைத் தானே துண்டு போட்டாள். நாங்கள் நாலு பேர். அவள் போட்டது ஐந்து துண்டு. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கடைசித் துண்டை ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்து ஜன்னலோரம் வைத்தாள்.

"முருகனுக்காம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல. இருக்கட்டும்."

அப்பாவும் சித்தியும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்தக் கிண்ணத்தையே பார்த்தார்கள். காலையில் எழுந்து பார்த்தபோது கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அப்பா மேல் எனக்கு மறுபடியும் சந்தேகம் வந்தது. ராத்திரி யாருக்கும் தெரியாமல் அவர்தான் தின்றிருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போது முருகனிடம் சொல்லி வைத்தேன்.