நீலம் வர்ற வரைக்கும்

அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வர்ற யாருக்கும் அவ பேரு தெரியாது. "அம்பதுக்கு ஒண்ணு இருக்காங்களா?"ன்னுதான் கேப்பாங்க. இருப்பா. கவுண்டருக்குப் பின்னாடி கவுத்துப் போட்ட மரப்பெட்டி மேல நின்னுக்கிட்டு இருப்பா. பெட்டி இல்லேன்னா வெளியில நிக்கிறவனுக்குக் கொண்டை மட்டும்தான் தெரியும், கொண்டை பேசுதுன்னு பயந்துடுவான்.

பட்டப்பேரு வந்த கதை சின்னதுதான். மரம் அறுக்கிற செயின்சா, புல்லு வெட்டுற மிஷின், மருந்தடிக்கிற மிஷின், இதெல்லாம் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். காருல இருக்கிற மாதிரி ஆயிலுக்குன்னு உள்ள தனி ரூம் கிடையாது, பெட்ரோல்லயே கலந்து ஊத்தணும். பெட்ரோல் அம்பது பங்குன்னா ஆயில் ஒரு பங்கு. அஞ்சு லிட்டருக்கு நூறு மில்லி. மிஷினோட புக்குல வேற கணக்கு போட்டிருந்தா புக்கு சொல்றதுதான். இதை அவ ஒரு நாளைக்கு நாப்பது தடவை சொல்லுவா. மிஷின் வாங்க வந்தவன்கிட்ட சொல்லுவா, செயின் வாங்க வந்தவன்கிட்ட சொல்லுவா, வழி கேக்க வந்த ஒருத்தன்கிட்டயும் சொல்லியிருக்கா. அந்த ஆளு மரியாதையாத் தலையாட்டிட்டு, அவ காட்டின வழிக்கு எதிர்ப்பக்கமாப் போயிட்டான்.

கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம் மருந்துக்கடையில வேலை பாத்தவ. மில்லி பிசகினா ஆளு பிசகிடும்னு பழகின கை. எதை எடுத்தாலும் திருப்பிப் பின்பக்கம் படிச்சுட்டுத்தான் கீழ வைப்பா. மாப்பிள்ளையையும் அப்படித் திருப்பிப் படிச்சிருக்கலாம்னு அவ நாத்தனாரே சொல்லும். மாப்பிள்ளை நல்ல மனுஷன்தான், குறை சொல்லக் கூடாது. கடையில பில்லு போடுவாரு, கடைசியா யாரு பேசினாங்களோ அவங்களுக்கு "ஆமா" போடுவாரு. ரெண்டும் ஒரே வேகம்.

கடை மாமனாரோடது. அவரு ஒரு வாக்கியம் ஆரம்பிக்கணும்னா முதல்ல தொண்டையைச் செருமணும், அப்புறம் "நான் சொல்றேன் கேளு"ம்பாரு, அப்புறம்தான் விஷயம் வெளிய வரும். பழைய மிஷின்ல கயிறு ரெண்டு தடவை இழுத்து மூணாவதுல ஸ்டார்ட் ஆகும் பாருங்க, அது மாதிரி. நாப்பது வருஷமா டிரம்முல லூஸ் ஆயில் வச்சு வித்தவரு. அந்த ஆயில் நல்ல கருநீலம். அவருக்கு அளவுன்னா கண்ணுதான். கலந்த பெட்ரோலை பாட்டில்ல எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, ஒரு கண்ணை மூடி, "வெளுப்பா இருக்கு, இன்னும் ஊத்து"ம்பாரு. ஊருல இருக்கிற மரம் வெட்டுறவன் எல்லாம் அவருகிட்ட ஒரு கண்ணை மூடக் கத்துக்கிட்டவங்க.

மருமக வந்து கவுண்டர்ல நின்ன அன்னைக்கே டிரம்மைச் சுத்திச் சுத்திப் பாத்தா. பின்பக்கம்னு ஒண்ணு இல்லவே இல்ல. எழுத்தே இல்லாத ஆயில். அவளுக்கு அன்னிக்குச் சோறு இறங்கல.

அதுக்கப்புறம் மெல்ல மெல்ல கேன்ல வர்ற ஆயில் அலமாரிக்கு ஏறுச்சு. கேன் பின்னாடி எஃப்.டி.ன்னு ரெண்டு எழுத்து இருக்கான்னு பாப்பா. இருந்தா புகை கம்மி, எஞ்சினுக்குள்ள கரி கம்மின்னு அர்த்தம். ஒருத்தர் படகு எஞ்சின் ஆயில் மலிவாக் கிடைச்சுச்சு, செயின்சாவுக்கு ஊத்தலாமான்னு வந்தாரு. படகு எஞ்சின் தண்ணியில குளிச்சுக்கிட்டே ஓடுது, உங்க மிஷின் வெயில்ல வெந்துக்கிட்டே ஓடுது, ரெண்டுக்கும் ஒரே மருந்தா குடுப்பாங்கன்னு கேட்டு அனுப்பிச்சா. இன்னொருத்தர் காரு ஆயில்ல மிச்சம் இருந்ததை ஊத்திட்டேன்னாரு. எப்ப ஊத்துனீங்க, எவ்வளவு ஊத்துனீங்க, அதுக்கப்புறம் ஸ்டார்ட் பண்ணுனீங்களான்னு, வெஷம் குடிச்சவனைக் கேக்குற மாதிரியே கேட்டா. மனுஷன் வேர்த்துப் போயி நாற்காலியில உக்காந்துட்டாரு.

மாமனாருக்கு இதெல்லாம் பிடிக்கல. ஆனா வந்தவங்க திரும்பி வந்தாங்க, வந்து அவளையே கேட்டாங்க. அதனால செருமுறதோட நிறுத்திக்கிட்டாரு.

இப்படி இருக்கும்போதுதான் பூங்கா ஆபீஸ் விஷயம் வந்துச்சு. ஊருல இருக்கிற பூங்கா எல்லாத்துக்கும் சேத்து அவங்ககிட்ட பதினோரு செயின்சா. அதையெல்லாம் கட்டி மேய்க்கிறது ஒரு மேஸ்திரி. ஆளு பனைமரம் உசரம், குரலு கொசு சைஸ். நடக்க வர்றவங்க எல்லாம் புகையில இருமுறாங்கன்னு சூப்பர்வைசர் மேடத்துக்குப் புகார் மேல புகார். மேடம் நேரா கடைக்கே வந்துட்டாங்க. அம்பதுக்கு ஒண்ணு விடுவாளா? டிரம் ஆயிலை விடுங்க, இந்தக் கேனுக்கு மாறுங்க, மூணே நாள்ல இருமல் நிக்கும்னு டானிக் விக்கிற மாதிரி சொல்லி மாத்திட்டா. அளக்குறதுக்கு மேஸ்திரி கையில தன் மகளோட பழைய பால் பாட்டில் ஒண்ணையும் குடுத்தா. மில்லிக் கோடு அழகாப் போட்டிருக்கு, இதை விட வேற என்ன வேணும்? மேஸ்திரி அதை ரெண்டு விரலால வாங்கி, யாரும் பாக்குறதுக்கு முன்னாடி சட்டைக்குள்ள போட்டுக்கிட்டாரு.

மூணாவது வாரம் காலையில மேடம்கிட்டேர்ந்து போன். பெரிய மிஷின் நடு வேலையில நின்னு போச்சு, இழுத்தா ஸ்டார்ட் ஆகல, உங்க புது ஆயில் பத்தல, எஞ்சின் காஞ்சு செத்துடுச்சுன்னு மேஸ்திரி சொல்றாரு. பழைய ஆயில்ல ஆறு வருஷம் ஓடின மிஷினாம்.

மாமனாரு போனை வச்சாரு. இந்தத் தடவை செருமல் இல்ல, நேரா ஸ்டார்ட் ஆயிட்டாரு.

"இந்தாம்மா, அந்த மிஷின் உன் ஆயிலாலதான் செத்துச்சுன்னா, நாளையிலேர்ந்து நீ கவுண்டர்ல நிக்க வேணாம். உள்ள கோடவுன்ல பெட்டி அடுக்கு. இனிமே ஆயிலைப் பத்தி ஒருத்தன்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது."

"ஆமா,"ன்னாரு வீட்டுக்காரரு.

அவ வீட்டுக்காரரைப் பாத்தா. "ஆமா"வை எந்தப் பக்கம் திருப்பிப் படிச்சாலும் "ஆமா"ன்னுதான் இருந்துச்சு. சரி மாமா, ஆனா செத்துச்சான்னு நான் பாத்துட்டு வந்து சொல்றேன்னா. நானும் வரேன்னு மாமனாரு ஸ்கூட்டர்ல பின்னாடி ஏறிக்கிட்டாரு. சாட்சி வேணும் இல்ல.

வண்டி ஓட்டும்போதே அவ மனசுக்குள்ள கணக்கைத் திரும்பப் போட்டுப் பாத்தா. வெளியில வாய் எவ்வளவு நீளம் இருந்தாலும், உள்ள ஒரு பயம். அளவுல தப்பில்ல. ஆனா ஒரு வேளை பத்தலையோ? அப்படி இருந்தா மருந்துக்கடையில நாலு வருஷம் நின்ன காலுக்கு என்ன மரியாதை? கோடவுன்ல ஜன்னல் கூடக் கிடையாது.

பூங்கா ஷெட்டுல மேஜை மேல மிஷினைக் கிடத்தியிருந்தாங்க. மேல ஒரு துணி வேற. ஒரு மாலைதான் குறைச்சல். சுத்தி மேடம், மேஸ்திரி, ரெண்டு வேலையாளுங்க. மேஸ்திரி கொசுக் குரல்ல நடந்ததைச் சொன்னாரு. நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு தங்கச்சி, அப்புறம் இழுவை குறைஞ்சுச்சு, முக்குச்சு, நின்னுடுச்சுன்னு. சொல்லும்போது அவளைப் பாக்கல, மாமனாரைப் பாத்துச் சொன்னாரு.

அவ முதல்ல கயிறைப் பிடிச்சு மெதுவா இழுத்தா. லேசா வந்துச்சு. எஞ்சின் காஞ்சு பிடிச்சிருந்தா கயிறு அசையவே அசையாது. அவளுக்குப் பாதி மூச்சு வந்துச்சு, வெளிய காட்டிக்கல. பிளக்கைக் கழட்டினா. நொசநொசன்னு கருப்பா ஈரம். சைலன்சரைக் கழட்டினா. அதுக்குள்ள தீப்பொறி வெளிய வராம இருக்கிறதுக்கு ஒரு சின்ன வலை இருக்கும். அந்த வலையில ஒரு ஓட்டை கூடத் தெரியல, கரி தார் மாதிரி அப்பிக் கிடந்துச்சு. சைலன்சர் மாட்டியிருந்த வாய் வழியா எஞ்சினுக்குள்ள டார்ச் அடிச்சு மேடத்தைக் கூப்பிட்டா.

"மேடம், ஆயில் பத்தாம ஓடியிருந்தா இந்த பிஸ்டன்ல மேலேர்ந்து கீழ பூனை பிராண்டின மாதிரி கோடு விழுந்திருக்கும். பாருங்க, ஒரு கீறல் இல்ல. இது பட்டினியில சாகல. தின்னே மயங்கிக் கிடக்கு."

மேடம் குனிஞ்சு பாத்தாங்க. மாமனாரும் குனிஞ்சாரு, பழக்க தோஷத்துல ஒரு கண்ணை மூடிக்கிட்டு.

அப்படின்னா யாரோ அதிகமா ஊத்தியிருக்காங்க. மேஸ்திரிண்ணே, நீங்க எப்பவும் கலக்குற மாதிரி இப்ப என் முன்னாடி கலக்குங்கன்னா. பால் பாட்டில் எங்கன்னு கேட்டதுக்கு மேஸ்திரி கொஞ்ச நேரம் கூரையைப் பாத்தாரு. அது வீட்டுல இருக்காம். முதல் நாளு சட்டையிலேர்ந்து எடுத்தப்போ கூட வேலை பாக்குற பயலுங்க "மேஸ்திரிக்குப் பால் வேணுமா, ஏப்பம் விட வைக்கட்டுமா"ன்னு ஆரம்பிச்சுட்டாங்களாம். பன்னெண்டு மீட்டர் மரத்துல ஏறுற மனுஷன், அதுக்கப்புறம் அந்த பாட்டில் பக்கமே போகல.

சரி, பாட்டில் இல்லாமலே கலக்குங்கன்னா. அஞ்சு லிட்டர் கேன்ல பெட்ரோல் ஊத்தினாரு. ஆயிலை ஊத்தினாரு. குலுக்கினாரு. கண்ணாடி டம்ளர்ல கொஞ்சம் எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சு, ஒரு கண்ணை மூடினாரு. திரும்ப ஊத்தினாரு. குலுக்கினாரு. தூக்கினாரு. மூடினாரு. இந்தக் கேன் ஆயிலுக்குச் சாயம் ரொம்ப லேசு. எவ்வளவு ஊத்தினாலும் டிரம் ஆயில் குடுக்கிற கருநீலம் வரவே வராது. நாலாவது தடவை அவரு நிறுத்தினப்போ அவ புதுக் கேனைத் தூக்கி, பக்கவாட்டுல இருந்த கோட்டைப் பாத்தா. முன்னூறு மில்லி போயிருந்துச்சு. மூணு மடங்கு சாப்பாடு.

"ஏண்ணே, நூறுன்னு தானே சொன்னேன்?"

மேஸ்திரி நெளிஞ்சாரு. மொதல் வாரம் நூறுதான் தங்கச்சி, மொதல் நாளு பாட்டில்ல பாத்த அளவைக் கையாலயே பழகிட்டேன். ஆனா புகையே வரல. நாங்க என்னத்த கண்டோம், புகை வந்தாத்தான் உள்ள ஆயில் போய்ச் சேந்துச்சுன்னு நிம்மதி. பயந்து போய் கடைக்குப் போன் பண்ணினேன்னாரு.

எப்ப பண்ணுனீங்க, நான் எடுக்கலையேன்னா அவ.

மேஸ்திரி மாமனாரைப் பாத்தாரு. ஷெட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே பக்கம் திரும்பினாங்க. மாமனாரு சுவத்துல தொங்கின மண்வெட்டியை ரொம்ப அக்கறையாப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

அவளுக்கு எல்லாம் புரிஞ்சுச்சு. கோவம் தலைக்கு ஏறுச்சு. பேசாம விட்டாலும் ஜெயிச்சாச்சு, மேடத்துக்கு விஷயம் விளங்கிடுச்சு. ஆனா கோடவுன்னு சொன்ன வாய் எதுன்னு அவளுக்கு மறக்கல.

"மாமா, மேஸ்திரி போன் பண்ணினப்போ என்ன சொன்னீங்க?"

மாமனாரு செருமினாரு. ஒரு தடவை, ரெண்டு தடவை. ஸ்டார்ட் ஆகல. மூணாவது தடவையும் செருமிட்டு, சத்தம் குறைச்சுச் சொன்னாரு.

"நீலம் வர்ற வரைக்கும் ஊத்துன்னு சொன்னேன்."

யாரும் சிரிக்கல. வேலையாளு ஒருத்தன் மட்டும் இருமுற மாதிரி பண்ணிக்கிட்டு வெளிய போனான். நாப்பது வருஷமா அப்படித்தான் வித்தேன், ஒரு மிஷின் கூடத் திரும்பி வரலைன்னாரு மாமனாரு. அவ வாயில ஒரு நல்ல பதில் ரெடியா நின்னுச்சு. திரும்பி வரலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல மாமா, புதைச்சிருப்பாங்கன்னு சொல்லலாம்னு இருந்தா. அவரு முகத்தைப் பாத்தா. முழுங்கிட்டா. அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு அவளைத் தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும்.

வலையைப் பிரஷ்ஷால தேச்சு, புது பிளக் போட்டு, டேங்கைக் காலி பண்ணி, தன் கையால கலந்து ஊத்தினா. மேஸ்திரி கயிறை இழுத்தாரு. அஞ்சாவது இழுப்புல மிஷின் ரெண்டு கருப்பு ஏப்பம் விட்டுச்சு, அப்புறம் ஊய்ய்ங்னு சுத்தமாக் கத்துச்சு. வெளியில கிடந்த கிளையில வச்சாரு, வெண்ணெய் மாதிரி இறங்குச்சு. புகை இல்ல. மேஸ்திரி சைலன்சருக்குப் பின்னாடி மூக்கைக் கொண்டு போயி மோந்து பாத்தாரு.

"ஓடுது தங்கச்சி. ஆனா ஓடுற மாதிரியே இல்ல."

மத்த பத்து மிஷினையும் இதே மாதிரி சுத்தம் பண்ணணும், கலக்குற முறையை ஷெட்டுச் சுவத்துல பெருசா எழுதிடுங்க, எவன் கலந்தாலும் தெரியணும்னாங்க மேடம். மார்க்கர் பேனாவையும் நீட்டினாங்க, மாமனாருகிட்ட. கடைக்காரரு அவருதானே. அவரு பேனாவை வாங்கி அவகிட்ட நீட்டினாரு. கண்ணாடி கொண்டு வரலையாம். சட்டைப் பையில கண்ணாடி எட்டிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

அவ ஸ்டூலைப் போட்டு ஏறி எழுதினா. அஞ்சு லிட்டருக்கு நூறு மில்லி. அளந்து ஊத்தவும். கலரைப் பாக்காதே. புகையைத் தேடாதே. சந்தேகம் வந்தா போன் பண்ணு. அங்க வந்து பேனா நின்னுச்சு. திரும்பிக் கீழ பாத்தா.

"யாரு நம்பரைப் போடட்டும் மாமா?"

கடை நம்பர்னா அவரு பாக்கெட்டுல இருக்கிற போன். வருஷக் கணக்கா ஊருல இருக்கிற எல்லா மரம் வெட்டுறவனும் மனப்பாடமா வச்சிருக்கிற நம்பர். மாமனாரு போனை வெளிய எடுத்தாரு, பாத்தாரு, திரும்ப உள்ள போட்டுக்கிட்டாரு.

"உன் நம்பரையே போடு. சாப்பிட உக்காந்தா மணியடிக்கிறானுங்க, நிம்மதியா ரெண்டு வாய் திங்கலாம்."

அவ நம்பரைப் பெருசா, சுவத்தோட அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடி வரைக்கும் எழுதினா. மேஸ்திரி அங்கயே நின்னு அதைத் தன் போன்ல ஏத்திக்கிட்டாரு, சரியாத்தான் ஏறிச்சான்னு ஒரு தடவை அடிச்சும் பாத்தாரு.