மனிதனை இறக்கி நண்டை ஏற்றியவர்

இந்த அஞ்சலியை நான் ஆறு வருடங்களுக்கு முன்பே எழுதிவிட்டேன். அப்போது கதிராமத்தம்பி அண்ணன் நல்ல சுகத்தோடு இருந்தார். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. திகதிக்கு மட்டும் இடம் விட்டு, கட்டுரையை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டி, ஆள் போகட்டும் என்று காத்திருந்தவன் நான்.

போன செவ்வாய்க்கிழமை காலை காத்தான்குடியிலிருந்து நசீர் கோல் எடுத்தார். புடைவைக்கடைக்காரர். என் சட்டைகளுக்குத் துணி வெட்டுகிறவர் என்பதால், என் உண்மையான அளவு தெரிந்த ஒரே மனிதரும் அவர்தான்.

"பிளேன்காரர் மௌத்தாம். கொழும்பில வச்சி. நெஞ்சு நோவு. இனி லாச்சியத் திறங்க."

நான் லாச்சிச் சாவியைத் தேடினேன்.

"ஒங்களுக்கு என்ன, கவலையா சந்தோசமா?"

"பசிக்குது" என்றேன்.

கதிராமத்தம்பி அண்ணனை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறியாத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். வெல்லாவெளியில் அரிசி ஆலை வைத்திருந்த மனிதர் திடீரென்று ஒருநாள், ஒன்பது பேர் இருக்கக்கூடிய சிறிய விமானம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து வந்து, 'வாவி எயார்' என்று பெயர் ஒட்டி, மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வாடகைக்கு ஓட்டத் தொடங்கினார். ஒட்டி என்றால் ஒட்டியேதான். குத்தகை முடிந்தால் உரித்தெடுக்கலாம். சொந்தமாக அவருக்கு ஒரு சில்லுகூட இருக்கவில்லை. "ஒண்ட வாங்கினா என்ன அண்ணன்?" என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டேன்.

"வயல்வட்டை ஆர்ர எண்டு நெல்லுக்குத் தெரியுமாகா? போகத்துக்கு எடுக்கிற, விதைக்கிற, வெட்டுற, திருப்பிக் குடுக்கிற. பிளேனும் அப்பிடித்தான். தரையில நிக்கிற பிளேன் தரிசு."

இப்படித்தான் பேசுவார். வெளிநாட்டு ஆட்கள் வரும் காலம் அவருக்குப் பெரும்போகம், மற்றது சிறுபோகம். கழுத்துப்பட்டி கட்டிய வங்கிக்காரர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டியதை என் கண்ணால் கண்டேன்.

அவருடைய தராசைப் பற்றி எழுதாவிட்டால் நீங்கள் என்னை மன்னிக்கமாட்டீர்கள். சின்ன விமானத்தில் ஏறுகிறவர்களின் நிறை தெரிந்தாக வேண்டும். டிக்கெட் எடுக்கும்போது ஒரு துண்டில் நாமே எழுதிக் கொடுப்போம். ஏறும் நாளில் அவர் நிறுத்துப் பார்ப்பார். ஆலையில் நெல்மூட்டை நிறுத்த அதே தராசு, மூட்டைக்குச் சொல்லும் அதே குரல். கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு கலியாணக் கூட்டம் விமானத்தை வாடகைக்குப் பிடித்திருந்தது. நானும் அதில் ஒருவன். எல்லோர் முன்னிலையிலும் அவர் கத்தினார்:

"மாப்பிள்ளைட அம்மா, தொண்ணூற்றி ரெண்டு. துண்டில எழுபது. மிச்சத்த எங்க விட்டுட்டு வந்தீங்க?"

அந்த அம்மா கொழும்பு போய்ச் சேரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் இன்றுவரை அந்த அம்மாவின் பெயரைச் சொல்வதில்லை, எண்ணைத்தான் சொல்கிறார்கள். மரியாதை என்ற சரக்கை ஏற்றாத விமானம் அது.

இனி என் கதைக்கு வருகிறேன். அந்த மார்கழி வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். ரோட்டுக்கு மேலால் தண்ணீர், ரயில் ஓடவில்லை. என் அக்கா கொழும்பில் இருதய சத்திரசிகிச்சைக்குப் படுத்திருந்தா. அடுத்தநாள் காலை எட்டு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். "நீ வந்து பக்கத்தில நிக்காட்டி நான் உள்ளுக்குப் போமாட்டன்" என்று கோலில் சொன்னா. அக்கா சும்மா சொல்கிற ஆள் இல்லை. வாவி எயாரின் கடைசி இருக்கையைப் பிடித்தேன்.

என்னையும் தராசில் ஏற்றினார். முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விமானத்தடிக்குப் போய் விமானியோடு கொஞ்சநேரம் கதைத்தார். திரும்பி வந்து, என் டிக்கெட் துண்டை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"சேருக்கு இண்டைக்கு சீட் இல்ல. பிழை எங்கட."

"அக்காக்கு நாளைக்கு ஒப்பரேசன், அண்ணன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

விமானத்தின் வாலடியில் இரண்டு நண்டுப் பெட்டிகள் இருந்தன. கொழும்பில் ஏதோ ஹோட்டலுக்குப் போகும் வாவி நண்டு. விமானம் ஓடி, எழும்பி, மழைக்குள் மறைந்தது. நான் ஓடுபாதை ஓரத்தில் நனைந்துகொண்டு நின்றேன்.

அக்கா உள்ளே போனா, வெளியே வரவில்லை. "ரெண்டு தரம் கேட்டவ, மாமா. நீங்க வந்துகொண்டிரிக்கீங்க எண்டு சொல்லிட்டம்" என்றான் மருமகன்.

அந்த வாரம், பத்திரிகையில் நான் எழுதும் நகைச்சுவைப் பத்தியில் அவருடைய பெயர் போடாமல் ஒரு வரி எழுதினேன்: 'மனிதனை இறக்கி நண்டை ஏற்றியவர்.' என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் ஊர் மனப்பாடம் செய்தது அந்த ஒன்றைத்தான். பஸ்ஸில் சொன்னார்கள், கலியாண வீட்டில் சொன்னார்கள். அவருடைய கார் போனால் இரண்டு விரலை நண்டுக்கால்போல ஆட்டினார்கள். அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. 'குற்றவாளியின் மௌனம்' என்று அடுத்த வாரமும் எழுதினேன். அதற்கடுத்த வாரம்தான் இந்த அஞ்சலி.

ஆனால் ஆள் போகவில்லை, வளர்ந்தார். ஒரு விமானம் என்று எழுதியிருந்தேன். அதை இரண்டாக்க வேண்டி வந்தது. பிறகு மூன்று. எடுத்த குத்தகையை விமானியோடும் சேர்த்து இன்னொரு நாட்டுக் கம்பனிக்கு மறுகுத்தகைக்குக் கொடுக்கத் தொடங்கினார். தான் பறப்பதைவிட மற்றவனைப் பறக்கவிடுவதில் வரும்படி கூட என்று கண்டுகொண்டார். ஆலைக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்த கந்தோர், கொழும்பில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குப் போயிற்று. ஒவ்வொரு முறையும் நான் லாச்சியைத் திறந்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினேன். அவருடைய வளர்ச்சியை இவ்வளவு கவனமாக அவருடைய கணக்காளர்கூடப் பதிந்திருக்கமாட்டார்.

இரண்டு வருடங்களுக்கு முன் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் திருவிழாவில், நசீர் போட்டிருந்த கடைக்கு முன்னால் அண்ணனிடம் பிடிபட்டேன்.

"என்னகா, என்ட சாவுக்கு எழுதி வச்சிரிக்கீங்களாம்?"

நான் நசீரைப் பார்த்தேன். நசீர் சாரன் மடித்தார்.

"எத்தின பிளேன் எண்டு போட்டிரிக்கீங்க?"

"மூண்டு."

"அஞ்சாக்குங்க. ரெண்டு மாலைதீவுல நிக்கி. பிழையா எழுதினா ஆக்கள் ஒங்களத்தான் சிரிப்பாங்க."

"அந்த நண்டு வரி?"

"அதுல கைவைக்காதீங்க. அது நல்லா இரிக்கி."

சிரித்துக்கொண்டு தீர்த்தக் குளத்துப் பக்கம் போனார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. திட்டுகிறவனைத் திருத்திவிட்டுப் போகிறவரை என்ன செய்வது?

ஆகவே, திருத்தியபடியே தருகிறேன்: விமானங்கள் ஐந்து. வாலில் எங்கள் வாவியின் பெயரைச் சுமந்த அந்த ஐந்தில் ஒன்றுகூட இன்று எங்கள் வாவிக்கு மேலால் பறப்பதில்லை. "இஞ்ச ஏத்த ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். இருந்த ஆளையும் இறக்கிவிட்டால் எப்படி இருக்கும்? வாயாடி. பிடிவாதக்காரர். யாருடைய மானத்தையும் கிலோக்கணக்கில் சந்திக்குக் கொண்டுவந்தவர். வெல்லாவெளியில் அவருடைய சாவீட்டுக்குப் போய் மூலையில் இருந்தேன். நண்டு வரியை யாரோ மெல்லச் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பதை நசீர் கவனித்தார்.

அண்ணனுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த டிக்கெட் துண்டுதான். லாச்சியில், இந்தக் கட்டுரைக்கு அடியில், ஆறு வருடங்களாகக் கிடக்கிறது. மழையில் நனைந்து கொஞ்சம் மங்கியிருந்தாலும் வாசிக்கலாம். முதல் வரி என் கையெழுத்து: 71 கிலோ. அடுத்தது அவருடையது: தராசில் 88. அதற்குக் கீழும் அவருடையதே: நண்டு 2 பெட்டி, 12 கிலோ, இறக்கியாச்சு. இன்னும் 5 கிலோ கூட.