இடது காலும் வலது வயரும்

கத்தியைத் தொடாமலே ஆபரேஷன் தியேட்டரில் திட்டு வாங்குகிற வேலை என்னுடையது. முதுகெலும்பு ஆபரேஷன் நடக்கும்போது நோயாளியின் தலையில் லேசாக மின்சாரம் கொடுத்து, கால் வரைக்கும் நரம்பு வேலை செய்கிறதா என்று திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வயரோடு மல்லுக்கட்டிப் பிழைப்பவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

முந்தின நாள்

துளசிமணியக்கா சோமனூரில் விசைத்தறி ஓட்டுபவர். தண்டுவடம் நெருக்கப்பட்டு, கால் மரத்துப்போய் வந்திருந்தார். சிக்னல் குறைந்தால் கம்ப்யூட்டரே எச்சரிக்கிற மாதிரி இப்போது ஆராய்ச்சி நடக்கிறது என்று, ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரும் பக்கத்தில் நிற்க, அவரிடம் பெருமையடித்தேன். அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"ஏனுங்க அம்மணி, நாலு தறிக்கு நடுவால நாள் பூரா நடக்கோணுமுங்க. காலு போச்சுன்னா பொழப்பே போச்சுங்க. பாத்துப் பண்ணுங்க கண்ணு."

குப்புறப் படுத்தவர்

அக்கா மல்லாந்திருக்கும்போதே கால்களில் சிக்னல் பிடிக்கும் ஊசிகளைக் குத்திவிட்டேன். மயக்கத்தில் குப்புறத் திருப்பிப் போட்ட பிறகுதான் அவற்றின் வயர்களை மெஷின் பெட்டியில் செருகினேன். டாக்டர் எலும்பின் இடது பக்கம் திருகாணி இறக்கியதும் திரையில் வலது காலின் கோடு படுத்துவிட்டது. பதறிப்போய்ச் சொன்னேன். கோட்டைப் படுக்கவைக்கக்கூடிய ரத்த அழுத்தம், மயக்க மருந்து எல்லாம் சரியாகவே இருந்தன.

"வலது பக்கம் நான் கையே வைக்கலையேம்மா. உன் மெஷினைப் பாரு."

துணிக்கு அடியில்

மயக்க டாக்டரிடம் மின்சாரம் கொடுக்கும் பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு, மூடியிருந்த துணிக்கு அடியில் தலையை விட்டேன். அக்காவின் வலது கால் கட்டைவிரல் துள்ளியது. இடது சும்மா கிடந்தது. இடது, வலது வயர்களை மாற்றிச் செருகியிருந்தேன்! அந்த நாலு தறிதான் நினைவுக்கு வந்தது. "சார், தப்பு என்னோடது. போனது இடது கால்" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் உடனே இடது திருகாணியைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் கோடு எழுந்தது, எனக்கும் உயிர் வந்தது. திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"கம்ப்யூட்டர் சத்தம் போடும், சரி. தப்பு என்னோடதுன்னு அது எப்பம்மா சொல்லும்?"

மறுநாள்

அக்கா இரண்டு கால் விரல்களையும் ஆட்டிக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"தறியிலயும் இழை மாறிப்போறதுதானுங்க அம்மணி. பாத்துப்போட்டு நிறுத்துனீங்கல்ல, அது போதுமுங்க."

இப்போதெல்லாம் இரண்டு கட்டைவிரல்களையும் நேரில் விசாரித்துவிட்டுத்தான் திரைக்கு முன்னால் உட்காருகிறேன் என்பதால், தியேட்டரில் எனக்குக் 'கட்டைவிரல் அம்மணி' என்றே பேர் நிலைத்துவிட்டது.