அளந்து வைத்த தண்ணீர்

மீன் விற்கிற வீட்டில் புரதத்துக்கு டப்பா வாங்கினோம். இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. வைத்திக்குப்பத்தில் அம்மா காலையில் கூடையை இறக்கி உட்கார்ந்தால் சங்கராவும் காணாங்கெளுத்தியும் பளபளவென்று கிடக்கும். அதையெல்லாம் ஊருக்கு விற்றுவிட்டு, அந்தக் காசில் என் தம்பிக்குச் சாக்லேட் வாசனை வரும் மாவு. டப்பா எங்கள் வீட்டு அரிசிப் பானையைவிடப் பெரியது.

தம்பி விசைப்படகில் போகிறவன். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகுகள் கரையில் நிற்கும். ஆண்கள் கிழிந்த வலையைச் சரிபார்ப்பார்கள், சீட்டாடுவார்கள், பெண்டாட்டியிடம் திட்டு வாங்குவார்கள். பெண்டாட்டி இல்லாத என் தம்பி ஜிம்முக்குப் போனான். வலை இழுத்தே முறுக்கேறிய தோளும் கையும் அவனுக்கு. வயிற்றில்தான் கொஞ்சம் தொப்பை. ஜிம் மாஸ்டர் அவனைப் பார்த்துவிட்டு, ஆணழகன் போட்டிக்குப் பேர் கொடுக்கச் சொன்னார். கோப்பை வாங்கினால் ஜிம்மிலேயே வேலை என்றும் சொன்னார். அம்மா அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டாள். மகன் கடலுக்குப் போகாமல் கரையில் சம்பளம் வாங்க வேண்டும் என்பதைத் தவிர அவள் எந்தச் சாமியிடமும் வேறு எதையும் கேட்டதில்லை.

"கொழுப்பு மட்டும் கரையணும்க்கா, சதை கரையக் கூடாது. சும்மா சோத்தைக் கொறச்சா ரெண்டும் சேந்து போயிடும். அதுக்குத்தான் இந்தப் பவுடரு" என்று எனக்குப் பாடம் எடுத்தான். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பவள் நான்.

"மீன்ல இல்லாதது அதுல என்னாடா இருக்குது?" என்றாள் அம்மா.

"மீனு நல்லதுதாம்மா. உன் கொழம்புல எண்ணெ, உப்பு, புளின்னு எல்லாம் கெடக்குது."

"அப்ப இத்தினி வருசமா உனுக்கு வெஷம் வெச்சேன்னு சொல்லு."

மூன்று பேரும் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. அதனால் கெடுதல் வரவில்லை என்று டாக்டரே பிறகு சொன்னார். அதன் பின்னால் வரிசையாக வந்த சின்னக் குப்பிகள்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கொழுப்பை எரிக்கிற மாத்திரை என்று ஒன்று. அதைப் போட்டால் அவனுக்குக் கை நடுங்கும், தூக்கம் வராது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வியர்க்கும். யார் செய்தது என்று குப்பியில் பேர்கூட இல்லை. கேட்டால், "வேலை செய்யுதுக்கா, அதான் சூடு" என்பான். தொப்பை போனது உண்மை. வயிறு பலகையாகிவிட்டது. தெருவில் சட்டை போடாமலே திரிந்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கடைசிக் கட்டம் தண்ணீர். தோல் ஒட்டி, நரம்பு தெரிய வேண்டுமானால் போட்டிக்கு முன்னால் தண்ணீரைக் குறைக்க வேண்டுமாம். உடம்பு நீரை வற்றவைக்க அதற்கும் ஒரு மாத்திரை. வீட்டில் அலுங்காமல் படுத்துக்கொண்டு கடைசி நேரத்தில் செய் என்றுதான் மாஸ்டர் சொல்லியிருக்கிறார். என் தம்பி முன்னாலேயே ஆரம்பித்துவிட்டான்.

"ஜிம்ல இருக்கிற பசங்க அரை நாளு தாங்க மாட்டானுங்க. கடல்ல நாங்க கேன் தண்ணிய அளந்து குடிக்கிறவனுங்க. எனுக்கு இது புதுசா?"

வேறு யாராக இருந்தாலும் தொண்டை வறண்டதும் பயந்திருப்பார்கள். அவனுக்குத் தாகம் பழகிய விஷயம். அதனால் பயம் வரவில்லை.

போட்டிக்குச் சில நாள் இருக்கும்போது தடைக்காலம் முடிந்தது. தடை நீங்கி முதல் முறை படகு போகும்போது எங்கள் பக்கம் ஆள் குறையக் கூடாது. உடம்பு சரியில்லை என்று ஒருவன் நின்று, அன்று மீன்பாடும் சரியாக இல்லையென்றால், வருஷம் முழுக்க அவன் தலையைத்தான் உருட்டுவார்கள். நான் கத்தினேன். "போகாதடா. தண்ணியும் குடிக்காம வெயில்ல போயி வலை இழுப்பியா?"

"ஒரு நாளுதாங்க்கா. போயிட்டு வந்து மேடை ஏர்றேன்."

அம்மா கேனை நிரப்பிக் கொடுத்தாள். கேன் அப்படியே திரும்பி வந்தது.

அன்று நல்ல பாடு. வலை கனத்து வந்ததாம். அவன்தான் முன்னால் நின்று இழுத்தானாம். தண்ணீர் கொடுத்தபோது வாயைக் கொப்பளித்துத் துப்பினானாம். உச்சி வெயிலில் கால் இழுத்துக்கொண்டது. பிறகு கையைத் தூக்க முடியவில்லை. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனதை யாரிடமும் சொல்லவில்லை. அவன் மீன் குவியல் மேலேயே சரிந்து விழுந்தபிறகுதான் படகைத் திருப்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எனக்கு விளக்கினார். நீர் வற்றிய உடம்பு, உள்ளே அந்த மாத்திரைச் சூடு, வெளியே வெயில், அதோடு அந்த உழைப்பு. சதை உடைந்து ரத்தத்தில் கலந்து, வடிகட்ட வேண்டிய கிட்னியை அடைத்துவிட்டது. எந்தச் சதை ஒரு துளியும் கரையக் கூடாது என்று அத்தனை டப்பா வாங்கினானோ, அந்தச் சதையே கரைந்து அவனைக் கவிழ்த்திருந்தது. பெரும்பாலும் கிட்னி திரும்பிவிடும், பொறுங்கள் என்றார்கள். பொறுத்தோம். அவனுக்குத் திரும்பவில்லை.

மாஸ்டர் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். இந்தக் கிட்னிக்கு அது ஆகாது, அவன் சாப்பிடக் கூடாது என்று நர்ஸ் எடுத்து வைத்துவிட்டார். மாஸ்டர் குலுங்கி அழுதார். அழுகிறவரை என்ன சொல்லித் திட்டுவது? அந்தக் கோபம் இன்னும் என்னிடமே இருக்கிறது.

இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். ஊசி ஏற்றுவதற்காக இடது கையில் ஒரு நரம்பைத் தயார் செய்திருக்கிறார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது. கடலும் இல்லை, ஜிம்மும் இல்லை. டயாலிசிஸில் சதை வற்றுகிறது என்று அங்கேயும் ஒரு புரத மாவு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த டப்பாவை அம்மா கையால் தொடுவதில்லை. நான்தான் கலக்கிக் கொடுக்கிறேன்.

தண்ணீருக்கும் அளவு வந்துவிட்டது. காலையில் அம்மா ஒரு பாட்டிலில் ஊற்றி வைப்பாள். மாத்திரைக்கும் தாகத்துக்கும் சேர்த்து அதுதான். மீறிக் குடித்தால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். மதியத்துக்குள் தீர்த்துவிட்டுக் காலிப் பாட்டிலைக் கையில் உருட்டிக்கொண்டே இருப்பான்.

நேற்று அம்மா வெயிலில் வியாபாரம் முடித்து வந்தாள். உதடு வெடித்திருந்தது. வந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பது அவள் வழக்கம். இப்போதெல்லாம் அவன் முன்னால் அவள் தண்ணீர் குடிப்பதில்லை. சொம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

அவன் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தான்.

"இங்கயே குடிம்மா," என்றான். "நான் பாக்கல."