திங்கட்கிழமை பெட்ரோல் நாற்றம்

இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டிய டிரைவரம்மா, ஓய்வுபெற்ற மாதமே ஒரு பழைய கேம்பர் வேனை வாங்கி வாசலில் நிறுத்தினார். உள்ளே மடக்குக் கட்டில், இரட்டை அடுப்பு, சோப்புப் பெட்டி அளவில் ஒரு கைகழுவும் தொட்டி. தையற்கடையில் துணி வெட்டும் அவர் கணவர் ஏறி உட்கார்ந்த கையோடு மூக்கைப் பொத்தினார்.

"பெட்ரோல் நாத்தம் குடலைப் புடுங்குது. உனக்குத் தெரியல?"

"பழைய வண்டின்னா அப்படித்தான். உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் நொட்டை."

டிரைவரம்மாவுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் மோப்ப சக்தியை அடியோடு துடைத்துக்கொண்டு போயிருந்தது. தெரிந்தால் வேலைக்கு வேட்டு வைத்துவிடுவார்கள் என்று அப்போது மறைத்தவர், பிறகு சொல்ல வெட்கப்பட்டு அப்படியே விட்டுவிட்டார். கட்டின கணவருக்கே தெரியாது.

மெக்கானிக்கிடம் மூன்று முறை போனார்கள். எஞ்சினுக்குப் போகும் குழாயை மாற்றினார், டேங்க் மூடியை மாற்றினார், கடைசியில் கையை விரித்துவிட்டார். "அக்கா, வண்டி சுத்தம். சார் மூக்கைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்."

மூன்று மாதம் இப்படியே ஓடியது. ஒரு திங்கட்கிழமை, வேனில் சுற்றிவர ஆசைப்பட்டு மருமகளின் அம்மா லீவு போட்டு வந்து இறங்கினார். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் வேலை பார்ப்பவர். எதிலும் குறை கண்டுபிடிப்பவர் என்று டிரைவரம்மாவுக்கு உள்ளூர உதறல். வேனுக்குள் ஒரு கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. இது பெட்ரோல். கொஞ்சநஞ்சமில்ல."

வெளியே நின்ற கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் பாசானவர் மாதிரி இருந்தது.

சம்பந்தியம்மா சும்மா இருக்கவில்லை. முன் சீட்டிலிருந்து மோந்துகொண்டே தவழ்ந்தார். அடுப்பைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி, துணி அலமாரிக்கு முன்னால் நின்றார். "இங்கதான்! வந்து பாருங்க."

டிரைவரம்மாவும் மண்டிபோட்டு இழுத்து மோந்தார். வெறும் காற்று. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டப் போனவருக்கு ஏனோ அன்றைக்குப் பொய் வரவில்லை.

"எனக்கு வாசனையே தெரியாது சம்பந்தி. பதினோரு வருஷமாச்சு."

"அப்போ போன மாசம் எங்க வீட்டு வாசல்லயே நின்னு சமையல் மணக்குதுன்னீங்க?"

"மணந்திருக்கும்ல?"

"அன்னிக்கு அடிப்பிடிச்சுக் கருகிப்போச்சு! குத்திக்காட்டுறீங்கன்னு நான் ஒரு வாரம் தூங்கல."

இருவரும் சிரித்த சிரிப்பில் வேன் ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்பந்தியம்மா வெளியே எட்டிக் கேட்டார்: "இந்த நாத்தம் தினமும் வருதா?"

"திங்கள், செவ்வாய் ஆளைக் கொல்லும். அப்புறம் கொறஞ்சிடும்" என்றார் கணவர்.

டிரைவரம்மாவுக்குப் பொறி தட்டியது. பேருந்து ஓட்டிய பழக்கத்தில், திங்கட்கிழமை காலையில்தான் டேங்கை வாய்வரை நிரப்புவார். மெக்கானிக்கிடம் போனதெல்லாம் சனிக்கிழமை; அதற்குள் டேங்க் பாதி இறங்கியிருக்கும். அலமாரிப் பலகையைக் கழற்றிப் பார்த்தார். பின்னால், பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் ரப்பர் குழாய், குதிகால் பித்தவெடிப்பு மாதிரி பிளந்து கசிந்துகொண்டிருந்தது.

"கண்டுபுடிச்சாச்சா? அப்போ ஒரு டீ போடுறேன்" என்று கணவர் குஷியாக அடுப்பருகே வந்து தீப்பெட்டியை எடுத்தார்.

இரண்டு பெண்களும் போட்ட கூச்சலில் தீப்பெட்டி தொட்டிக்குள் விழுந்தது.

அப்போதுதான் டிரைவரம்மாவுக்கு உறைத்தது. மூன்று மாதமாக அதே அடுப்பில் எத்தனை தடவை பால் காய்ச்சியிருக்கிறார்! இறங்கி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். கணவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"உள்ள பேசினது காதுல விழுந்துச்சு. எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"கேலி பண்ணுவீங்க."

"பண்ணத்தான் செய்வேன். அதுக்காகச் சொல்லாம இருப்பியா?" என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மெக்கானிக்கைப் போய்க் கூட்டிவந்தார்கள். கணவரின் முகத்தைப் பார்க்காமலே அரைமணி நேரத்தில் குழாயை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். புதன்கிழமை காலை மூவரும் கிளம்பினார்கள். மூன்றாவது வளைவிலேயே, பெட்ரோல் நாற்றம் துளியும் இல்லாமலே, சம்பந்தியம்மாவுக்குத் தலை சுற்றி, வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.