காணாமல் போன ரிலே கட்டை

இன்னிக்கு புக்கிட் ரோத்தான் மார்க்கெட்டில் ஒரு பெண், "டீச்சர்!" என்று கத்திக்கொண்டே வந்து வலது கையை நீட்டினாள்.

"நேரா இருக்குல்ல?"

அமுதா! எண்பதுகளில் எங்கள் தோட்டப் பள்ளி ரிலே ஓட்டத்தில் விழுந்து கையை உடைத்துக்கொண்டவள்.

அன்னிக்கு, தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் மண்டோரான அவள் அப்பா ஓடி வந்தார். "சுளுக்குதான் லா. இழுத்துவிட்டா சரியாயிடும்."

"இழுத்தா கை கோணிப்போகும். யாரும் தொடாதீங்க!" என்று மறித்தேன்.

முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் ஐயோடினும்தான் இருந்தன. அவள் ஏந்தி ஓடிய ரிலே கட்டையையே கையோடு சேர்த்து, முடிவுக்கோட்டுத் துணியை அவிழ்த்துக் கட்டி, லோரியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

"அந்தக் கட்டை இன்னும் எங்க சாமி மேடையிலதான் இருக்கு, டீச்சர்."

அடுத்த வருஷம் நான் பிள்ளைகளை விறகுக்குச்சியோடு ஓடவிட்டேன்!

உங்கள் வீட்டில் எந்தப் பள்ளிக்கூடச் சாமான் இருக்கு? மரியாதையா ஒத்துக்குங்க லா.